விசுவாசமும் நம்பிக்கையும்: ஒரு கிரேக்கச் சொல்லின் தமிழ் வாழ்வு

கேள்வியின் இடம்

தமிழகத்து ஊர் ஒன்றில் கத்தோலிக்கக் கோவிலும் தென்னிந்தியத் திருச்சபை ஆலயமும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்குமானால், ஞாயிறு காலையில் அப்போஸ்தலர் பெயரால் வழங்கும் ஒரே பழைய அறிக்கையை இரண்டு இடத்து மக்களும் எழுந்து நின்று சொல்வார்கள்; ஆனால் ஒரு கூட்டத்தின் வாயில் வரும் வினைச்சொல் ‘நம்புகிறேன்’ என்றும் மற்றதன் வாயில் வருவது ‘விசுவாசிக்கிறேன்’ என்றும் இருக்கும். இது வெறும் வடசொல், தமிழ்ச்சொல் வேறுபாடு என்று கடந்துபோக முடியாதபடி இன்னொரு சிக்கல் இதனுடன் பின்னிக் கிடக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் 13ஆம் அதிகாரத்தை முடிக்கையில் மூன்று பண்புகளை அடுக்குகிறார். 1871இல் முழுமையாக வெளிவந்த பவர் ஐயரின் திருப்புதலைப் பின்பற்றும் வேதாகமத்தில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அவை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. இரண்டாம் இடத்தில் இருந்த சொல் ஒரு நூற்றாண்டுக்குப் பின் முதலிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரே சொல் ஒரு சபையாருக்கு ஒரு பண்பையும் பக்கத்துச் சபையாருக்கு வேறொரு பண்பையும் குறிக்கிறது என்றால், அந்தப் பண்புகளின் எல்லைக்கோடுகளே தெளிவாக இல்லை என்று ஐயுற இடமுண்டு.

கிறிஸ்தவ மரபில் இந்தப் பண்புக்கு மூன்று பொருள்கள் காலந்தோறும் போட்டியிட்டு வந்துள்ளன. ஒரு செய்தியை மெய்யென ஏற்பது, அதாவது அறிவின் இசைவு, ஒன்று. ஒருவரிடம் தன்னை ஒப்படைப்பது, அதாவது பற்றிச் சார்தல், மற்றொன்று. ஒருவருக்கு மாறாமல் உண்மையாய் இருப்பது, அதாவது பற்றுறுதி, மூன்றாவது. இவற்றுள் எது மூலம், எது கிளை என்ற கேள்வியைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ஆராய்ந்த நூல்கள் ஏராளம். தமிழ்ச் சொற்களின் வழியே அதே கேள்வியைக் கேட்டால் என்ன வெளிப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மோசேயின் கைகள்

எபிரேய மறைநூலில் இதற்கு அடிப்படையான வேர் ‘ஆமான்’. உறுதியாயிருத்தல், தாங்கி நிற்றல் என்பன அதன் பொருள். உலகெங்கும் செபத்தின் முடிவில் சொல்லப்படும் ‘ஆமென்’ அதே வேரிலிருந்து வந்தது. இவ்வேரில் பிறந்த ‘எமூனா’ என்னும் பெயர்ச்சொல் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளைக் குறித்து வருமிடம் யாத்திராகமம் 17ஆம் அதிகாரம். அமலேக்கியரோடு நடந்த போரில் மோசேயின் கை உயர்ந்திருக்கும்வரை இஸ்ரவேலர் மேற்கொள்வதும் தாழ்ந்தால் பகைவர் மேற்கொள்வதுமாக இருந்தபோது, கை அசந்துபோன அவரை ஒரு கல்லின்மேல் உட்காரவைத்து, ஆரோனும் ஊரும் ஆளுக்கொரு பக்கம் நின்று கைகளைத் தாங்கிப் பிடித்தார்கள். பொழுது சாயும்வரை அந்தக் கைகள் ‘எமூனா’வாக இருந்தன என்கிறது மூலம். மனத்துக்குள் நிகழ்ந்த எதைப் பற்றியும் அங்கே பேச்சில்லை. அசந்த கை, இன்னொருவர் முட்டுக்கொடுத்ததால், மாலைவரை அசையாமல் நின்றது என்பதே செய்தி.

ஏசாயா 7ஆம் அதிகாரத்தில் இரண்டு அரசர்கள் எருசலேம்மேல் படையெடுத்து வருகையில், நடுங்கிப்போன ஆகாஸ் மன்னனிடம் தீர்க்கதரிசி இதே வேரை ஒரே மூச்சில் இருமுறை பயன்படுத்துகிறார்: ஆண்டவர்மேல் உறுதியாய் நிற்காவிட்டால் அரசும் உறுதியாய் நிற்காது என்ற பொருளில் அமைந்த அந்தச் சொல்விளையாட்டை எந்த மொழிபெயர்ப்பும் முழுதாகக் கொண்டுவந்ததில்லை. இத்தகைய இடங்களை வைத்துக்கொண்டு மார்ட்டின் பூபர் 1950இல் வெளியிட்ட ‘நம்பிக்கையின் இரு வகைகள்’ என்னும் நூலில், எபிரேய எமூனா ஒருவரைச் சார்ந்து நிற்பது என்றும், பவுல் வழிவந்த கிரேக்கப் ‘பிஸ்திஸ்’ ஒரு செய்தியை மெய்யென ஏற்பது என்றும் பிரித்தார். கவர்ச்சியான இந்தப் பிரிவினை பல பிரசங்கங்களில் இன்றும் வாழ்கிறது. ஆனால் கிரேக்க-உரோமைய உலகில் அச்சொல் எப்படிப் புழங்கியது என்பதை விரிவாகத் தொகுத்த தெரசா மார்கன் 2015இல் வெளியிட்ட ஆய்வு வேறு படத்தைத் தருகிறது. கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும், படைத்தலைவனுக்கும் வீரனுக்கும், கணவனுக்கும் மனைவிக்கும் இடையில் நிலவிய நம்பகத்தையே அச்சொல் முதன்மையாகக் குறித்தது என்றும், தொடக்ககாலக் கிறிஸ்தவர்கள் அதே உறவுப் பொருளில்தான் அதை எடுத்துக்கொண்டார்கள் என்றும் அவர் காட்டுகிறார். எபிரேயம் இதயம், கிரேக்கம் மூளை என்னும் எளிய எதிர்வு இதற்குப் பிறகு நிற்பது கடினம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. வேர்ச்சொல்லைத் தோண்டி இறையியலை எடுக்கும் வழக்கத்தை ஜேம்ஸ் பார் 1961இல் ‘விவிலிய மொழியின் பொருளியல்’ என்னும் தம் நூலில் கடுமையாக விமர்சித்தார். குறிப்பாக எமூனா, பிஸ்திஸ் ஆகிய சொற்களை வைத்து நடந்த வாதங்களுக்கு அதில் தனி இயலே ஒதுக்கினார். ஒரு சொல்லின் பொருள் அது வந்த வழியில் இல்லை, அது புழங்கும் வாக்கியத்தில் இருக்கிறது என்பது அவர் நிலை. இந்த அளவுகோல் கீழே வரும் தமிழ்ச் சொற்களுக்கும் பொருந்தும்.

பிஸ்திஸ் பற்றிய இக்கால விவாதங்களில் மிகக் கூர்மையானது கலாத்தியர் 2:16, ரோமர் 3:22 ஆகிய இடங்களில் வரும் ‘கிறிஸ்துவின் பிஸ்திஸ்’ என்னும் தொடரைப் பற்றியது. அது மனிதர் கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசமா, கிறிஸ்து தாமே கடவுளுக்கு உண்மையாய் இருந்த பற்றுறுதியா என்பது கேள்வி. 1983இல் நூலாக வெளிவந்த ரிச்சர்டு ஹேஸின் ஆய்வு இரண்டாவதற்காக வாதிட்டது. ஜேம்ஸ் டன் முதலாவதை விட்டுக்கொடுக்கவில்லை. தமிழில் இந்த வழக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சந்தடியின்றித் தீர்க்கப்பட்டுவிட்டது. கலாத்தியர் பகுதியில் மூலத்தில் வெறும் ஆறாம் வேற்றுமையாக இருந்ததை ‘இயேசு கிறிஸ்துவைப் பற்றும்’ விசுவாசம் என்று விரித்தெழுதியதன் மூலம் பழைய திருப்புதல் முதல் கட்சியில் சேர்ந்துகொண்டது. ஆனால் அந்தப் ‘பற்றும்’ என்ற சொல்லே ‘குறித்த’ என்றும் ‘பிடித்துக்கொள்ளும்’ என்றும் இருபொருள் படுவது. செய்தியை ஏற்பதும் ஆளைப் பிடித்துக்கொள்வதும் அந்த ஓர் எச்சத்துக்குள் பிரிக்க முடியாமல் கிடக்கின்றன. திட்டமிட்டுச் செய்தாரோ இல்லையோ, மொழிபெயர்ப்பாளர் கையில் மொழி தானாகவே ஒரு நல்ல விளக்கவுரையை எழுதியிருக்கிறது.

வேற்றுமை உருபுகள் சொல்வது

ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீனார் செய்த இரண்டு பகுப்புகள் மேலைத் திருச்சபையின் சிந்தனைக்கு அடித்தளமாயின. நம்பப்படும் பொருள் வேறு, நம்பும் செயல் வேறு என்பது ஒன்று: அறிக்கையில் உள்ள கோட்பாடுகள் எல்லாருக்கும் பொது, அவற்றை ஏற்கும் உள்ளம் ஆளுக்கு ஆள் தனி. கடவுள் இருக்கிறார் என்று நம்புவது, கடவுள் சொல்வதை நம்புவது, நம்பிக் கடவுளை நோக்கிச் செல்வது என்னும் மூன்று படிகள் மற்றொன்று. முதலிரண்டும் பேய்களுக்குக்கூட இயலும், மூன்றாவதே கிறிஸ்தவருக்குரியது என்பது அதன் சாரம். இலத்தீன் இம்மூன்றையும் ஒரே வினையோடு வேற்றுமையையும் முன்னிடைச்சொல்லையும் மாற்றிக் காட்டியது.

தமிழ் வினை இந்த வேலையை இன்னும் நுட்பமாகச் செய்கிறது. ‘அவன் வருவான் என்று நம்புகிறேன்’ என்பதில் இருப்பது எதிர்பார்ப்பு. ‘அவன் சொன்னதை நம்புகிறேன்’ என்பதில் இருப்பது செய்திக்கு இசைவு. ‘அவனை நம்புகிறேன்’ என்றால் ஆள்மேல் வைத்த உறுதி. நான்காவதாக ஒரு வடிவம் உண்டு. அகராதிகள் அதைத் தனியாகப் பொருட்படுத்துவதில்லை. ‘உங்களை நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தோம்’, ‘மழையை நம்பி விதைத்தார்கள்’, ‘கடலை நம்பிப் பிழைக்கிறார்கள்’ என்னும் பேச்சுவழக்கில் வரும் ‘நம்பி’ என்ற வினையெச்சமே அது. மானாவாரி நிலத்துக்காரர் வானத்தைப் பற்றி எந்தக் கோட்பாடும் வைத்திருக்க வேண்டியதில்லை. மழை பெய்யுமா என்ற ஐயம் அவருக்கு ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஆனாலும் வீட்டிலிருந்த விதை மண்ணுக்குள் போய்விட்டது. எச்சம் என்பதே முடிவதற்கு இன்னொரு வினையை வேண்டி நிற்பது; ‘நம்பி’ என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் ‘நம்பி என்ன செய்தார்கள்?’ என்று கேட்பார். அகுஸ்தீனாரின் மூன்றாம் படிக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கண வடிவம் கிடைப்பது அரிது.

நான்காம் நற்செய்தி இதற்கு எதிர்பாராத ஒரு சான்றைத் தருகிறது. யோவான் ‘பிஸ்தெவோ’ என்ற வினையை 98 முறை பயன்படுத்துகிறார். ‘பிஸ்திஸ்’ என்ற பெயர்ச்சொல்லை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. இதற்குக் காரணம் குறித்துக் கருத்து வேறுபாடுகள் உண்டு என்றாலும், அவருடைய நூலில் விசுவாசம் ஒருவர் வைத்திருக்கும் பொருளாக எங்கும் வருவதில்லை என்பது உறுதி.

ஆபிரகாமின் இரண்டு அதிகாரங்கள்

பவுலுக்கும் யாக்கோபுக்கும் இடையிலான முரண் மிகவும் பேசப்பட்டது. சுருக்கமாகச் சொன்னால் போதும். இருவரும் ஆபிரகாமையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். பவுல் ரோமர் 4இல் ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில், விண்மீன்களைப் பார்த்து வாக்குறுதியை ஏற்ற முதியவரில் தொடங்குகிறார். யாக்கோபு அதே வசனத்தை 22ஆம் அதிகாரத்தில், மகனைக் கட்டிப் பீடத்தில் கிடத்திய தகப்பனைக் கொண்டு படிக்கிறார். ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்ற சொல்லை 1522ஆம் ஆண்டு ஜெர்மன் மொழிபெயர்ப்பில் லூத்தர் சேர்த்தார். அதற்கு எழுந்த எதிர்ப்புக்கு 1530இல் எழுதிய திறந்த மடலில், ஜெர்மானியர் பேசுகிற விதம் அப்படித்தான் என்று பதில் சொன்னார். யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று அவர் இகழ்ந்ததும் தெரிந்ததே. ஆனால் லூத்தருக்கு விசுவாசம் வெறும் இசைவு அன்று. கடவுளின் இரக்கத்தின்மேல் ஒருவர் தன் உயிரையே பந்தயம் வைக்கும் துணிவு. 1547 ஜனவரியில் ‘ஏற்புடைமை’ பற்றி, அதாவது பாவி கடவுள்முன் நீதியுள்ளவராவது பற்றி, ஆணை பிறப்பித்த திரிதெந்தீன் பொதுச்சங்கம் எதிர்த்தது, அன்பால் உருப்பெறாத விசுவாசம் போதும் என்னும் கருத்தை. இரு தரப்பாரும் ஒரே சொல்லால் வெவ்வேறு பொருளைக் குறித்துக்கொண்டு சண்டையிட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ள நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை அதன் விளைவு. அதற்கு முன்பே 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இறை வெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கத்தில், மனிதர் தம்மை முழுமையாகக் கடவுளிடம் ஒப்படைப்பதே விசுவாசக் கீழ்ப்படிதல் என்று விளக்கி, இசைவையும் ஒப்படைப்பையும் ஒன்றாக வைத்திருந்தது.

தமிழில் வந்த வழி

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஹாலே நகரப் பக்தி இயக்கத்தின் பிள்ளை; கோட்பாட்டை ஒப்பிப்பதோடு நின்றுவிடும் விசுவாசத்தைச் செத்ததாகக் கருதிய இயக்கம் அது. 1714-15இல் அச்சேறிய அவருடைய புதிய ஏற்பாட்டுக்கு முன்பே, 1578இல் கொல்லத்தில் அச்சான அன்றீக்கே அன்றீக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ தொட்டு, கத்தோலிக்கக் குருக்கள் தமிழில் ஒரு சமயச் சொற்களஞ்சியத்தை உருவாக்கியிருந்தார்கள். அதிலிருந்து பலவற்றைச் சீர்திருத்த சபையாரும் எடுத்துக்கொண்டனர். பழைய கத்தோலிக்கச் செபங்களிலும் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்றே முப்பண்புகள் வழங்கின. 1772இல் வெளிவந்த பப்ரிசியுசின் புதிய ஏற்பாட்டை பின்வந்த மிஷனரி இரேனியுஸ் திருத்த முனைந்தபோது தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் கொதித்தெழுந்த வரலாற்றை நோக்கினால், வழிபாட்டில் ஊறிய சொல்லை மாற்றுவது மக்களின் பக்தியிலேயே கைவைப்பதாக உணரப்பட்டது புரியும்.

விசுவாசம் என்ற வடசொல்லுக்கு அம்மொழியில் நம்பகம் என்பதே பொருள். தமிழின் அன்றாட வழக்கிலோ அது வேறொரு பக்கம் சாய்ந்துவிட்டது. ராஜவிசுவாசம், எஜமான விசுவாசம், நாயின் விசுவாசம் என்பவற்றில் அது கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குக் காட்டும் மாறாத பற்றைக் குறிக்கிறது. பிஸ்திஸில் இருந்த பற்றுறுதிப் பொருளை இது நன்றாகவே காக்கிறது. ஆனால் ஒரு திசையில் மட்டும். முதலாளி தொழிலாளியிடம் விசுவாசமாக இருக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. கிரேக்கத்தில் பிஸ்திஸ் இரு திசையிலும் ஓடும்; ரோமர் 3:3இல் மனிதரின் ‘அபிஸ்தியா’வும் கடவுளின் ‘பிஸ்திஸ்’உம் எதிரெதிரே நிறுத்தப்படுகின்றன. பழைய திருப்புதலில் மனிதருடையது ‘அவிசுவாசம்’, கடவுளுடையது ‘உண்மை’. தமிழ் வாசகர் இவ்விரண்டும் ஒரே வேரில் வந்தவை என்று அறிய வழியே இல்லை. கடவுள் முதலில் உண்மையாயிருந்ததற்கு மனிதர் தரும் மறுமொழியே விசுவாசம் என்னும் பவுலின் தர்க்கம் அந்த இடத்தில் அறுந்துபோகிறது.

நம்பிக்கை இந்தக் குறையைத் தீர்க்கும். கடவுளை ‘நம்பிக்கைக்குரியவர்’ என்று அதே வேரால் சொல்லலாம். அதன் பழமையும் வியப்புக்குரியது. தொல்காப்பிய உரியியல் ‘நம்பு’ என்ற உரிச்சொல்லுக்கு நசை, அதாவது விருப்பம், என்று பொருள் கூறுகிறது. நம்புவதற்கான ஆங்கில வினையும் தொடக்கத்தில் நேசித்தலோடு உறவுடையது என்பதையும், இலத்தீன் ‘கிரேதோ’ இதயத்தை வைப்பது என்னும் பொருளில் வடமொழிச் ‘சிரத்தா’வுக்கு உடன்பிறப்பு என்பதையும் வில்ஃபிரட் கான்ட்வெல் ஸ்மித் தம் 1970களின் ஆய்வுகளில் எடுத்துக்காட்டி, கோட்பாட்டை ஏற்பது விசுவாசத்தின் பிற்காலச் சுருக்கம் என்று வாதிட்டார். தமிழில் ‘நம்பு’ அவர் பட்டியலில் சேரத் தகுந்தது. (அந்தச் சிரத்தா தமிழில் சிரத்தையாகி, பாடத்தில் சிரத்தையில்லாத பையனைத் திட்டப் பயன்படுவது வேறு கதை.) இருப்பினும் பாரின் எச்சரிக்கை இங்கே பொருந்துகிறது: இன்று தமிழ் வாசகர் காதில் நம்பிக்கை என்ற சொல் நசையைக் கொண்டுவருவதில்லை, ஒருபுறம் பகுத்தறிவு இயக்கம் பரப்பிய மூடநம்பிக்கையையும், மறுபுறம் முன்னேற்ற நூல்கள் விற்கும் தன்னம்பிக்கையையும் கொண்டுவருகிறது. இரண்டாவது, தன்னைவிட்டு இன்னொருவரைச் சார்வது என்னும் கிறிஸ்தவப் பொருளுக்கு நேர் எதிரானது.

முதலிடத்துக்குப் போன நம்பிக்கை காலி செய்த இடத்தில் வந்த ‘எதிர்நோக்கு’ 2025ஆம் ஆண்டு யூபிலியின் ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்னும் தலைப்பு வரை ஊன்றிவிட்டது. ஆயினும் ஆபத்தையும் எதிர்நோக்கலாம், வழக்கையும் எதிர்நோக்கலாம். வரவிருப்பது நல்லது என்ற உறுதி அச்சொல்லில் தானாக இல்லை. எபிரெயர் 11:1 இரு பண்புகளையும் ஒரே வாக்கியத்தில் பிணைக்கிறது: பழைய திருப்புதலில் ‘விசுவாசம்’ ‘நம்பப்படுகிற’வற்றின் உறுதி, திருவிவிலியத்தில் ‘நம்பிக்கை’ ‘எதிர்நோக்கி’ இருப்பவை பற்றிய உறுதி. உறுதி என்று இரண்டும் பெயர்த்த கிரேக்கச் சொல்லான ‘ஹுபோஸ்தாசிஸ்’ மனத்தின் திடமா, கைக்கு வந்துவிட்ட பொருளா என்பது பழைய வழக்கு. 2007இல் பதினாறாம் பெனடிக்ட் திருத்தந்தை எழுதிய சுற்றுமடல், லூத்தரின் மனத்திடப் பொருளை மறுத்து, வரவிருப்பது விதையாக இப்போதே உள்ளிருக்கிறது என்னும் பொருளை வலியுறுத்தியது. இரு தமிழ் மொழிபெயர்ப்புகளும் சபை வேறுபாட்டை மறந்து இவ்விடத்தில் லூத்தர் பக்கமே நிற்கின்றன.

சொல் வெற்றி எந்தப் பக்கம் என்று தீர்ப்புக் கூறுவதானால், பெயர்ச்சொற்கள் இரண்டுமே தோற்றுவிட்டன என்றே கூற வேண்டும். விசுவாசம் பற்றுறுதியைக் காத்து உறவின் மறுபாதியை இழந்தது. நம்பிக்கை உறவைக் காத்து அன்றாட இரைச்சலில் மங்கியது. இழப்பில்லாமல் நிற்பது ‘நம்பி’ என்னும் எச்சம் மட்டுமே. அதை எந்த விசுவாசப் பிரமாணத்திலும் வைக்க முடியாது.

சம்பளம் இல்லாத ஊழியம்

தமிழ்க் கிறிஸ்தவ வாழ்வில் அந்த எச்சம் முற்றுவினை பெற்ற இடங்கள் உண்டு. இரேனியுசிடம் பாளையங்கோட்டையில் பயின்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867), ஆங்கிலேயரான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் தொடர்பால், எந்த மிஷன் சங்கத்திடமும் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்யத் துணிந்து, 1840இல் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார். 1860இல் அவரைச் சுற்றி எழுந்த எழுப்புதல் பரவலாக அறியப்பட்டது. குரோவ்ஸின் மைத்துனரான ஜார்ஜ் முல்லர் பிரிஸ்டல் நகரில் யாரிடமும் கைநீட்டாமல் அநாதை இல்லம் நடத்தியது இதே வழி. பின்னர் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் குழந்தைகளை வளர்த்ததும் இதே வழி. ‘விசுவாச ஊழியம்’ என்று தமிழ்ச் சபைகள் இன்றும் அழைப்பது இதைத்தான். வெள்ளைக்கார மிஷனரியிடம் மாதச் சம்பளம் பெறும் உபதேசியார் என்பதே ஊழியத்தின் வடிவமாக இருந்த காலத்தில் ஒரு தமிழர் சம்பளத்தை மறுத்ததில் பக்தியோடு தன்னுரிமையும் கலந்திருந்தது. இந்தப் பக்கத்தை வாழ்க்கை வரலாறுகள் போதிய அளவு எடைபோடவில்லை.

அதே மரபுக்குள் ஒரு வழுக்கலும் இருக்கிறது. கேட்காமலே வந்து சேர்ந்த அரிசி மூட்டை கடவுளின் உண்மைக்குச் சான்று என்று தொடங்கும் பேச்சு, நாளடைவில் விசுவாசித்தவரின் விசுவாசத்துக்குச் சான்றாக மாறிவிடுகிறது. ‘விசுவாசத்தோடு அறிக்கையிடுங்கள், பெற்றுக்கொள்வீர்கள்’ என்னும் இக்காலப் பிரசங்கத்தில் விசுவாசம் கையிருப்பு ஆகிறது. நோய் தீராதபோது கணக்கில் குறைந்திருப்பது நோயாளியின் விசுவாசம் என்றே முடிவாகிறது. கடுகளவு என்று இயேசு சொன்னது அளவைப் பற்றிய பேச்சையே கேலி செய்வதற்காக என்று கொண்டால், அந்தக் கடுகையும் தராசில் ஏற்றுவது விந்தையே.

விசுவாசியின் ஐயம்

அன்னை தெரேசாவின் தனிக் கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது, கடவுளின் உடனிருப்பை உணர முடியாத இருளைப் பல பத்தாண்டுகளாக அவர் சுமந்தது உலகுக்குத் தெரிந்தது. அதை விசுவாசமின்மை என்று சிலர் படித்தனர். விசுவாசத்தை உணர்வாகவோ மனத்திடமாகவோ கொண்டால் அவ்வாறு படிப்பதற்கு இடமுண்டு. பற்றுறுதியாகக் கொண்டால், இருளுக்குள் அந்த ஆண்டுகள் முழுவதும் காலையில் எழுந்து தெருவுக்குப் போனதே விடை. மோசேயின் கைகளும் உணர்ச்சியால் உயர்ந்து நிற்கவில்லை.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் வலிப்பால் விழும் மகனைச் சீடர்களிடம் கொண்டுவந்து, அவர்களால் முடியாமல்போக, கூட்டத்தின் நடுவில் இயேசுவிடம் நிற்கும் தகப்பன் ‘பிஸ்தெவோ’ என்ற வினையையும் ‘அபிஸ்தியா’ என்ற அதன் மறுப்பையும் ஒரே கூவலில் சொல்கிறான். விசுவாசத்தை இசைவாகக் கொள்ளும் உரையாசிரியர்கள் இந்த வசனத்தில் திணறுகிறார்கள், ஒரே ஆள் ஒரே நொடியில் ஏற்பதும் மறுப்பதும் எப்படி என்று. அவன் ஏற்கெனவே மகனைக் கொண்டுவந்துவிட்டான் என்பதை மூலம் முன்பே கூறியிருக்கிறது. நம்பி வந்தவனுக்கு ஐயம் இருப்பதில் தமிழ்க் காதுக்கு முரண் எதுவும் இல்லை. இயேசு பையனின் கையைப் பிடித்துத் தூக்கினார், அவன் எழுந்து நின்றான் என்று மாற்கு எழுதுகிறார். தகப்பனின் அவிசுவாசம் நீங்கிற்றா என்பதைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.